எழுதுவதை நிறுத்துவது தோல்வியா?

எமது தீவகத்து வீடுகள் பலவற்றில் அலுமாரியின் அடித்தட்டிலோ பழைய றங்குப் பெட்டியிலோ ஒரு கொப்பி இருக்கும். முன்பக்கத்தில் கணக்குப் பாடம் இருக்கும். பின்பக்கத்தில் இருந்து திருப்பினால் கவிதையோ, நாட்குறிப்போ, யாருக்கும் அனுப்பாத கடிதமோ இருக்கும். அதை எழுதியவர் இன்று இரண்டு மூன்று பிள்ளைகளின் தாயாக இருப்பார். "இதெல்லாம் அந்தக் காலத்தில எழுதினது. இப்ப ஆருக்கு நேரம்?" என்று சிரித்துக்கொண்டே கொப்பியை வாங்கி உள்ளே வைத்துவிடுவார்.

அந்தச் சிரிப்பு எல்லோரிடமும் ஒரே மாதிரியானதாக இருப்பதில்லை. சிலர் அந்தக் கொப்பியைச் சின்ன வயதுச் சட்டையைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். அழகாக இருந்தது, இப்போது அளவில்லை, அவ்வளவுதான். வேறு சிலருக்கோ அது பேசாமல் விட்ட ஒரு பேச்சு. அதைத் தொட்டால் கண் கலங்குகிறது.

புத்தகம் போட்டுப் புகழ் பெற்ற எழுத்தாளர்களைப் பற்றி மட்டும் இங்கே பேசவில்லை. தன் மனதை, தன் நாளை, தன் வீட்டைத் தனக்காக எழுதி வந்த சாதாரணப் பெண்களைப் பற்றியும் பேசுகிறோம். வாழ்க்கையில் முதலிடம் பெறும் விடயங்கள் மாறும்போது அந்த எழுத்தை இறக்கி வைக்க வேண்டி வருகிறது. அப்படி இறக்கி வைப்பது தோல்வியா? எப்போது அது எமது முடிவு, எப்போது மற்றவரின் முடிவு? இந்தக் கேள்விகளை எமது பெண்கள் தமக்குள் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எழுத வைத்தது எது?

எமது பகுதியில் பெண்பிள்ளைகள் எழுதத் தொடங்குவது பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதில். பெரியபிள்ளையான பின் வெளியே திரிவது குறைகிறது. வீட்டில் எல்லோரும் இருந்தும் மனம் விட்டுக் கதைக்க ஆளில்லை. அந்த இடத்தில் கொப்பி ஒரு தோழியாக வருகிறது.

முந்திய தலைமுறைப் பெண்களுக்கு இலங்கை வானொலி பெரிய தூண்டுகோலாக இருந்தது. 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு ஒரு கதை எழுதி, இடையிடையே பாட்டுகளைப் பொருத்தி, தபாலில் போட்டுவிட்டுத் தன் பெயர் வானொலியில் வருமா என்று வாரக்கணக்காகக் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு போன்ற இடங்களில் இருந்து பெருந்தொகையான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆளில்லாமற் போன அந்த ஊர்களின் துயரத்தைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவழிக் கிராமம்' என்ற தொகுதியாகத் தந்தார். அதே காலத்தில் உறவினர் வீடுகளிலும் பாடசாலைக் கட்டிடங்களிலும் தங்கியிருந்த பெண்களும் எழுதினார்கள். மின்சாரமில்லாத வலிகாமத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அவர்கள் எழுதியவற்றுள் பெரும்பகுதி அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் தொலைந்து போயிற்று.

இவை எல்லாவற்றையும் விட எமது பெண்கள் அதிகம் எழுதியது கடிதங்களைத்தான். கனடாவுக்கும் சுவிஸுக்கும் பிரான்சுக்கும் போன பிள்ளைகளுக்கு, சகோதரர்களுக்கு, கணவன்மாருக்கு வான்கடிதத்தின் ஓரம் வரை நெருக்கி எழுதினார்கள். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்தப் பசு கன்று போட்டது, கோயில் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று ஒன்றையும் விடுவதில்லை. பின்னர் தொலைபேசி வந்தது. குரலைக் கேட்கக் கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தாய்மாரின் ஒழுங்கான எழுத்துப் பழக்கம் அதோடு நின்று போயிற்று. அதை யாரும் ஒரு இழப்பாகக் கணக்கெடுக்கவில்லை.

நேரம் எங்கே போகிறது?

நெடுந்தீவில் ஒரு குடும்பப் பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள் என்பதால் குடிதண்ணீருக்குத் தனியாகப் போக வேண்டும். அதன் பின் சமையல், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புதல், ஆடுமாடு, கருவாடு காயவைத்தல் அல்லது பனையோலை வேலை. வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கு மருந்து, குளிப்பாட்டுதல். யாழ்ப்பாணத்தில் கிளினிக் இருந்தால் காலைப் படகில் ஏறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, மாலைப் படகைத் தவறவிடாமல் திரும்ப வேண்டும். ஒரு மருந்துச் சீட்டுக்கு ஒரு முழுநாள் போய்விடும்.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1989இல் வெளியிட்ட நூலில், வேலைக்குப் போகும் பெண் வீடு திரும்பியதும் தொடங்கும் வேலையை 'இரண்டாவது வேலைமுறை' என்று அழைத்தார். சம்பள வேலை முடிந்ததும் சம்பளமில்லாத வேலை தொடங்குகிறது என்பதே அவர் சொன்னது. எமது தீவுகளில் அதற்கு மேல் மூன்றாவது ஒன்றும் உண்டு. படகுக்கும் பஸ்சுக்கும் தண்ணீருக்கும் காத்திருக்கும் நேரம் அது. முன்னர் அந்தக் காத்திருப்பில் ஒரு பெண் இரண்டு வரி எழுதியிருப்பாள். இன்று அந்த நேரத்தில் கைக்குழந்தையைத் தாங்குகிறாள், அல்லது அசதியில் கண்ணயர்கிறாள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதை மேலும் இறுக்கியது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் நின்றன. கடற்றொழிலை நம்பிய வீடுகளில் பெண்கள் கிடைத்த கூலி வேலைகளுக்கெல்லாம் போனார்கள். கொப்பி, பேனாவின் விலை ஏறியபோது வீட்டில் இருந்த வெற்றுக் கொப்பி பிள்ளையின் பாடத்துக்குப் போயிற்று. இது இயல்பானதே. பிள்ளையின் பசியையும் படிப்பையும் முன்னே வைத்துத் தன் எழுத்தைப் பின்னே வைத்த தாயைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. அவள் தன்னைத்தானே குறைகூறவும் தேவையில்லை.

நிறுத்துவதும் நிறுத்தப்படுவதும்

சமூகப் பணிக்காக வீடு வீடாகச் செல்லும்போது இது பற்றி மனம் திறந்து பேசிய மூன்று சகோதரிகளின் அனுபவங்களை இங்கே தருகிறேன். அவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

முதலாமவர் நெடுந்தீவைச் சேர்ந்தவர். பதினொரு வருடங்கள் ஒழுங்காக நாட்குறிப்பு எழுதியவர். மாமியாருக்குப் பாரிசவாதம் வந்ததும் அதை நிறுத்திவிட்டார். "கடைசிப் பக்கத்தில 'இண்டையோட நிப்பாட்டுறன், பிறகு வருவன்' எண்டு எழுதித் திகதி போட்டு வைச்சன். மாமி என்னைத் தன்ர மகள் மாதிரிப் பார்த்தவ. இப்ப என்ர முறை. எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றார். சொல்லும்போது அவரது முகத்தில் தெளிவு இருந்தது.

இரண்டாமவர் ஊர்காவற்றுறைப் பக்கம். கலியாணத்துக்கு முன்னர் கவிதை எழுதியவர். ஒருநாள் கணவர் அவரது கொப்பியை எடுத்து, வீட்டுக்கு வந்த நண்பர்களுக்குப் பகிடியாக வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் கொண்டுவந்த இவரும் சேர்ந்து சிரித்தார். "எழுத வேண்டாமெண்டு அவர் ஒருநாளும் சொல்லேல்லை. இப்பவும் கேட்டா, 'அவ தானே விட்டவ' எண்டுதான் சொல்லுவார். அண்டைக்குப் பிறகு பேனையைப் பிடிச்சா அந்தச் சிரிப்புத்தான் கேக்கும்" என்றார்.

மூன்றாமவர் நயினாதீவில் மாதர் சங்கமொன்றின் செயலாளர். கணவனை இழந்த பின் பல வருடங்கள் இரவிரவாக எழுதியவர். "முந்தி என்ர கவலையை எழுதினன். கேக்க ஆளில்லை, அதால எழுதினன். இப்ப பத்துப் பேரின்ர கவலையைக் கேக்கிறன், என்ரையையும் சொல்லுறன். இரவு படுத்தா நித்திரை வருகுது பிள்ளை. இப்ப நான் எழுதுறது கூட்ட அறிக்கை மட்டும்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

மூவரும் எழுதுவதை நிறுத்தியவர்கள். வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். உள்ளே பார்த்தால் முதலாமவர் தாமாக இறக்கி வைத்தார். மூன்றாமவருக்கு எழுத்து செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டது. இரண்டாமவரின் கையில் இருந்து அது பறிக்கப்பட்டது. பறித்தவருக்குக் கூட அது தெரியாது. எமது சமூகத்தில் இந்த இரண்டாவது வகை நிறுத்தமே அதிகம் மறைந்து கிடக்கிறது. அடி இல்லை, ஏச்சு இல்லை, தடையும் இல்லை. ஒரு சிரிப்பு, ஒரு பெருமூச்சு, "உதுக்கெல்லாம் நேரமிருக்குதோ?" என்ற ஒரு கேள்வி போதும்.

தான் எந்த வகை என்று அறிய ஒரு பெண் தன்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நிறுத்திய நாள் அல்லது காலம் எனக்கு நினைவிருக்கிறதா? நிறுத்தியதற்கான காரணத்தை ஒரு வசனத்தில், வெட்கமில்லாமல் சொல்ல முடிகிறதா? நாளை ஒருமணி நேரம் கிடைத்தால் மீண்டும் எழுதத் தடையாக யாராவது மனதில் வந்து நிற்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு ஒரு ஆளின் முகம் தோன்றினால் அந்த நிறுத்தம் அவளுடைய முடிவல்ல.

முன்னே சென்றவர்களின் இடைவெளிகள்

எழுத்துலகில் பெயர் பெற்ற பெண்களின் வாழ்விலும் இந்த இடைவெளிகள் இருந்திருக்கின்றன. ஈழத்தின் முதல் தமிழ்ப் பெண் நாவலாசிரியையாகக் கருதப்படும் மங்களநாயகம் தம்பையா, 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை 1914இல் வெளியிட்டார். கணவனின் கொடுமையைப் பொறுத்து வாழும் கண்மணி என்ற பெண்ணின் கதை அது. அடுத்த நாவலான 'அரியமலர்' வந்தது 1926இல். இடையில் 12 வருடங்கள். இன்று அவரை நினைப்பவர்கள் அந்த இடைவெளியை வைத்து அவரை அளப்பதில்லை.

தமிழ்நாட்டில் வை. மு. கோதைநாயகி அம்மாளின் கதை இன்னொரு வகை. 1901இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கலியாணம் செய்து வைக்கப்பட்ட அவர், தமது முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயாற் சொல்லியே எழுதுவித்தார். பிறகு 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். 1956இல் ஒரே மகன் இறந்த பின்னர் மனமுடைந்து பொதுவாழ்வில் இருந்து ஒதுங்கினார். 1960இல் காலமானார். அத்தனை வருடங்கள் ஓயாமல் எழுதிய கை, புத்திர சோகத்தில் ஓய்ந்ததை யார்தான் தோல்வி என்பார்?

எமது யாழ்ப்பாணத்தில் 1986ஆம் ஆண்டு பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. சித்திரலேகா மௌனகுருவின் முயற்சியில் பத்துப் பெண்களின் கவிதைகள் அதில் இடம்பெற்றன. ஈழத்துப் பெண்கள் கவிதையின் தொடக்கப் புள்ளியாக அது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்தப் பத்துப் பேரும் தொடர்ந்து எழுதிப் பத்துக் கவிஞர்களாகப் பெயர் பெறவில்லை. போர், இடப்பெயர்வு, புலப்பெயர்வு, குடும்பம், உத்தியோகம் என்று வாழ்க்கை ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பக்கம் இழுத்துச் சென்றது. அவர்களுள் ஒருவரான ஊர்வசியின் 'இன்னும் வராத சேதி' என்ற தொகுதி 2014இல் வெளிவந்தது. முதல் தொகுப்புக்கும் அதற்கும் இடையில் 28 வருடங்கள். நீண்ட இடைவெளிக்குப் பின்னும் ஒரு குரலுக்கு வாசகர் இருப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சன் 1930களில் ஒரு நாவலைத் தொடங்கினார். நான்கு பெண்பிள்ளைகளை வளர்த்து, பிழைப்புக்காகப் பல வேலைகள் செய்த அவருக்கு அதை முடிக்கக் கிடைக்கவில்லை. அவரது முதல் கதைத் தொகுதி வந்தது 1961இல். தொடங்கிய நாவல், முற்றுப்பெறாத நிலையிலேயே 1974இல் அச்சேறியது. 1978இல் அவர் 'மௌனங்கள்' என்ற பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். எழுத வேண்டியவர்கள், சிறப்பாகப் பெண்களும் உழைக்கும் மக்களும், ஏன் மௌனமாகிறார்கள் என்பதை ஆராயும் நூல் அது. மண் வளம் பெறத் தரிசாகக் கிடப்பதைப் போன்ற இயல்பான மௌனத்தையும், வாழ்க்கைச் சூழல் வலிந்து திணிக்கும் மௌனத்தையும் அவர் வேறுபடுத்திப் பார்த்தார். எமது நெடுந்தீவுச் சகோதரிக்கும் ஊர்காவற்றுறைச் சகோதரிக்கும் இடையில் உள்ள வித்தியாசமும் இதுதான்.

வங்காளத்து ராஸசுந்தரி தேவியையும் இங்கே நினைக்கலாம். 19ஆம் நூற்றாண்டில், பெண் படிப்பது பாவம் என்று நம்பிய சமூகத்தில், ஒரு புத்தகத்தின் ஏட்டைச் சமையலறையில் ஒளித்து வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். வயது முதிர்ந்த பின்னரே தமது வாழ்க்கைக் கதையை எழுதினார். வங்க மொழியின் முதல் சுயசரிதையாக அது மதிக்கப்படுகிறது. வீட்டுக் கடமைகள் குறையும் வயதில் எழுத்து திரும்பி வரும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

மற்றவரின் கதையும் எமது கொப்பியும்

சில பெண்கள் தம் எழுத்தைக் குறைப்பதற்கு நேரமின்மை தவிர வேறொரு காரணமும் உண்டு. தன்னைப் பற்றி எழுதும் பெண் தன்னோடு வாழ்பவர்களைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். பிள்ளை சிறிதாக இருக்கும்போது அதன் மழலையை, குறும்பை எழுதுவது இனிமையானது. அதே பிள்ளைக்குப் பதின்மூன்று வயதானதும், "அம்மா, என்னைப் பற்றி எழுதாதேங்கோ, மற்றவைக்கு வாசிச்சுக் காட்டாதேங்கோ" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆவது உறுப்புரை, பிள்ளைகளின் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு வழங்குகிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது.

எமது தீவுகள் சிறியவை. பெயரை மாற்றினாலும் "ஒழுங்கை முடக்கு வீட்டுக்காரி" என்றால் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். ஆகவே பிள்ளை வளர வளர, தாய் தான் எழுதியதை வெளியே காட்டுவதில் இருந்து ஒதுங்குவது ஒரு பண்பட்ட முடிவு. வெளியே காட்டாமல் தனக்காக எழுதுவதைத் தொடரலாம். அல்லது தன் இளமைக் காலம், தன் தாயின் காலம் என்று தனக்கு உரிய கதைகளின் பக்கம் திரும்பலாம்.

கொப்பியை எரிக்கும் முன்

சிலர் நிறுத்தும்போது எழுதியவற்றை எரித்துவிட நினைக்கிறார்கள். கலியாணத்துக்கு முன் பழைய நாட்குறிப்புகளை அடுப்பில் போட்டதாகச் சொல்லும் பெண்கள் எமது பகுதியில் பலர் உள்ளனர். தன் அந்தரங்கம் தவறான கையில் போய்விடும் என்ற பயம் நியாயமானது. எதை வைப்பது, எதை அழிப்பது என்பது எழுதியவளின் உரிமை.

ஆனால் மனம் உடைந்த நிலையில் எரிப்பது வேறு. 'சொல்லாத சேதிகள்' தொகுப்பில் எழுதிய இளம் கவிஞர் சிவரமணி, 1991ஆம் ஆண்டு தம் கைவசம் இருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவர்களிடமும் இதழ்களிலும் இருந்தவையே இன்று எமக்குக் கிடைக்கின்றன. வாழ்க்கையின் ஒழுங்கு மாறுவதால் எழுத்தைத் தள்ளி வைப்பதோடு இதனைச் சேர்த்துப் பார்க்கக்கூடாது. ஒரு பெண் திடீரென்று தனக்குப் பிடித்தவற்றையெல்லாம் அழித்தாலோ, பிறருக்குக் கொடுத்துத் தீர்த்தாலோ, யாருடனும் கதைக்காமல் ஒதுங்கினாலோ அதை ஒரு அபாய அறிகுறியாக எடுக்க வேண்டும். அருகில் இருப்பவர்கள் அவளைத் தனியே விடாமல், குற்றம் சொல்லாமல், என்ன நடக்கிறது என்று நேராகக் கேட்க வேண்டும். வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துடன் கதைக்கலாம்.

நன்றாக இறக்கி வைப்பது எப்படி?

தலையில் சுமந்த தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது கூட ஒரு முறை இருக்கிறது. போட்டுடைக்காமல் மெல்ல இறக்கினால் தேவைப்படும்போது மீண்டும் தூக்கலாம். எழுத்துக்கும் அப்படியே. சில யோசனைகள்:

திகதி போடுங்கள். நெடுந்தீவுச் சகோதரி செய்தது போல, இன்று முதல் நிறுத்துகிறேன், காரணம் இது என்று ஒரு வசனம் எழுதி வையுங்கள். முடிவு உங்களுடையது என்பதற்கு அதுவே சாட்சி. பின்னாளில் "நான் ஏன் விட்டேன்?" என்று மனம் குழம்பாது.

பொறுப்புகளைக் கையளியுங்கள். வாசிகசாலைக் கையெழுத்துப் பத்திரிகை, கோயில் மலர், சனசமூக நிலையம் என்று எங்காவது எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால், சொல்லாமல் மறைய வேண்டாம். இன்ன காரணத்தால் விலகுகிறேன் என்று சொல்லி, இளம் பெண்ணொருத்தியிடம் அந்த இடத்தைக் கொடுங்கள். ஒருவர் விலகும் இடத்தில் இன்னொருவர் தொடங்குவது நல்ல காரியம்.

கொப்பிகளைக் காப்பாற்றுங்கள். எமது உப்புக் காற்றில் கொப்பியின் கம்பிகள் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். கம்பியைக் கழற்றி நூலால் தைத்து வையுங்கள். நிலத்தில் வைத்தால் கறையான் வரும். நன்கு உலர்ந்த வேப்பிலையுடன் உயரமான இடத்தில் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள். ஊர் வரலாறு, இடப்பெயர்வு அனுபவம், பழைய இதழ்கள் போன்றவை உங்களிடம் இருந்தால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாத்து வரும் நூலகம் போன்ற முயற்சிகளுக்குப் பிரதி எடுக்கக் கொடுக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. ஒரு பிரதி மட்டும் இருப்பதன் ஆபத்தை எமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஒரு சிறு கதவைத் திறந்து வையுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மனதைப் பாதித்த சம்பவங்களைப் பற்றி நாளுக்கு 15 நிமிடங்கள் வீதம் நான்கு நாட்கள் மாணவர்களை எழுதச் செய்தார்கள். உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் சுகாதார நிலையத்துக்குக் குறைவாகவே சென்றார்கள். எழுத்தின் பயனைப் பெற வாழ்நாள் முழுவதும் தினமும் எழுத வேண்டியதில்லை என்பதையும் இதில் இருந்து விளங்கிக்கொள்ளலாம். மனம் பாரமாகும் வேளையில் கால் மணித்தியாலம் போதும். தாங்க முடியாத நினைவுகள் வந்தால் நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கதைப்பதே நல்லது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மனைவியோ, மருமகளோ, தாயோ எழுதுவதை நிறுத்திவிட்டால் "நல்லது, இப்பவாவது வீட்டைப் பார்க்கிறா" என்று திருப்திப்பட வேண்டாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். நேரமில்லை என்பது பதிலானால், அந்த நேரம் யாருடைய வேலையில் போகிறது என்று சேர்ந்து யோசியுங்கள். தண்ணீர் எடுப்பதையும் பிள்ளையின் வீட்டுப் பாடத்தையும் வாரத்தில் இரண்டு நாள் கணவன் பொறுப்பெடுத்தால் ஒரு மணித்தியாலம் பிறக்கும். அதில் அவள் எழுதலாம், உறங்கலாம், சும்மாவும் இருக்கலாம். அது அவள் விருப்பம்.

அனுமதி கேட்காமல் அவளது கொப்பியை வாசிக்காதீர்கள். வாசிக்கத் தந்தால் மற்றவர் முன்னால் பகிடி பண்ணாதீர்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இதைச் சிறுவயதிலேயே பழக்குங்கள். அக்காவின் மேசை லாச்சியைத் திறக்கக்கூடாது என்று பழகிய பிள்ளை, நாளை தன் மனைவியின் கொப்பியையும் மதிப்பான்.

எழுத்து வாழ்க்கைக்காகவே. வாழ்க்கை வேறொன்றைக் கேட்கும்போது பேனையை வைத்துவிட்டு அதைச் செய்வதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் வைத்தது எமது கையாக இருக்க வேண்டும். திரும்ப எடுக்கும் நாளைத் தீர்மானிப்பதும் அந்தக் கையாகவே இருக்க வேண்டும்.